டிஸ்னி பூங்காவில் ஒரு பண்டமாற்று

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம், என்னவெல்லாம் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் ரைடுகளை விட்டுவிட்டுப் பின்னைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன உலோகப் பின்தான். மிக்கி, ஸ்டிச், டிங்கர் பெல் என்று எனாமல் வண்ணத்தில் பளபளவென்று இருக்கும். அதை வாங்கி அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் எனக்குப் பிடித்தது அதைக் கொடுத்து வேறொன்றை வாங்குவது.

இது 1999 அக்டோபரில், புத்தாயிரம் கொண்டாட்டத்தை ஒட்டி டிஸ்னி வேர்ல்டில் தொடங்கியது. ஒலிம்பிக் மைதானங்களில் விளையாட்டு வீரர்களும் ரசிகர்களும் நாடு நாடாகப் பின் மாற்றிக்கொள்வார்களே, அந்த வழக்கம்தான் இதற்கு முன்னோடி. 1896 ஏதென்ஸ் போட்டியில் அடையாளத்துக்காக அட்டை வில்லைகளைக் குத்திக்கொண்டதிலிருந்து அதன் கதை வருகிறது. அப்புறம் கலிபோர்னியா, பாரிஸ், ஹாங்காங் என்று மற்ற டிஸ்னி பூங்காக்களுக்கும் பரவியது.

நடைமுறை எளிது. பூங்கா ஊழியர்களை அங்கே காஸ்ட் மெம்பர் என்பார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் லேன்யார்ட் என்னும் பட்டையை மாட்டியிருப்பார்கள், சில கடைகளில் பெரிய பலகை வைத்திருப்பார்கள், அதில் பின்கள் வரிசையாக இருக்கும். உங்களிடம் இருக்கும் பின் உலோகத்தில் செய்த அசல் டிஸ்னி பின்னாக, முதுகில் டிஸ்னியின் காப்புரிமைக் குறியோடு இருந்தால் போதும், பிடித்ததைக் காட்டிக் கேட்கலாம். ஒருவரிடம் ஒரு நாளைக்கு இரண்டு வரை. அவர் லேன்யார்டில் ஏற்கெனவே இருக்கும் அதே பின்னைக் கொடுக்கக் கூடாது, அவருடைய பின்னை நீங்களாகத் தொடவும் கூடாது, பணம் கைமாறவே கூடாது.

இதில் என் மனதைக் கவர்ந்த விஷயம், விலையை யாரும் பார்ப்பதில்லை என்பது. தொகுப்பாக வாங்கிய சாதாரணப் பின்னை ஒரு குழந்தை நீட்டினாலும் சரி, விதிப்படி இருந்தால் காஸ்ட் மெம்பர் மறுக்க மாட்டார். ஹிட்டன் மிக்கி என்று ஒரு வரிசை உண்டு, படத்தின் ஒரு மூலையில் பொடியாக ஒரு மிக்கி தலை ஒளிந்திருக்கும், இப்படி மாற்றுவதற்காகவே வெளியிட்டவை அவை, அதைக் கேட்டாலும் அதே நியாயம்தான். டிஸ்னி வேர்ல்டில் உள்ள எப்காட் பூங்காவில், காஸ்ட் மெம்பர் ஒருவர் கழுத்தில் ஃபிக்மெண்ட் பின்னை, அந்த ஊதா நிறக் குட்டி டிராகனை, என் அக்கா மகள் பார்த்துவிட்டாள். "சித்தி, நான் வச்சிருக்கிறது ரொம்ப சின்னதா இருக்கே, குடுப்பாங்களா?" என்று என் காதில் கேட்டாள். நீயே போய்க் கேள் என்று அனுப்பினேன். அந்த அம்மா குனிந்து, லேன்யார்டை இவள் உயரத்துக்கு இறக்கிக் காட்டி, இவள் கொடுத்த கூஃபி பின்னை அதே அக்கறையோடு வாங்கிக் குத்திக்கொண்டார். யாரிடமும் வாய் திறக்காத பெண், அன்று சாயங்காலம் வரை லேன்யார்ட் மாட்டிய ஒருவரையும் விடவில்லை.

பார்வையாளர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது வேறு உலகம். லிமிடெட் எடிஷன், அதாவது இத்தனைதான் அடித்தோம் என்று முதுகில் எண் போட்ட பின்களைப் பைகளில் அடுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மதிப்பு, அபூர்வம், பேரம் எல்லாம் உண்டு. புதிதாகப் போகிறவர்கள் சும்மா பார்த்துப் பேசிவிட்டு வந்தாலே போதும், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

சரி, இதை எழுதியதே போலிகளைப் பற்றிச் சொல்லத்தான். ஸ்கிராப்பர் என்று சொல்லும் போலிப் பின்கள் இணையத்தில் ஐம்பது, நூறு என்று மொத்தமாக, ஒன்று ஒரு டாலருக்கும் கீழே கிடைக்கின்றன. கடையில் ஒரு பின் பத்து டாலருக்கு மேல் விற்கும்போது இந்த விலைக்கு அசல் வராது. விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், எனாமல் நிரம்பாமல் பள்ளம் விழுந்திருக்கும், நிறம் மாறியிருக்கும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். கூட்ட நேரத்தில் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கக் காஸ்ட் மெம்பருக்கு நேரம் ஏது? நீங்கள் தள்ளிவிட்ட போலி அதே லேன்யார்டில் தொங்கும், அடுத்து வரும் குழந்தை அசலைக் கொடுத்து அதை ஆசையாக வாங்கிப்போகும். விலை பார்க்காமல் மாற்றும் ஏற்பாடு, எல்லோரும் அசலைக் கொண்டுவருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. தயவுசெய்து அந்த மொத்தப் பொட்டலங்களை வாங்காதீர்கள்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஆர்லாண்டோ அவுட்லெட் மால்களில் கேரக்டர் வேர்ஹவுஸ் என்று டிஸ்னியின் தள்ளுபடிக் கடை உண்டு, பூங்காவில் விற்காமல் மிஞ்சிய பொருள்கள் அங்கே வரும், சில சமயம் பின்னும் இருக்கும், எல்லாம் அசல். இல்லாவிட்டால் லேன்யார்டோடு சேர்த்து விற்கும் தொடக்கத் தொகுப்பு ஒன்றை வாங்கி அதிலிருந்தே மாற்றிக்கொண்டு போகலாம். பின்னின் முதுகில் மாட்டும் மிக்கி வடிவ ரப்பர் மூடி ரைடுகளில் கழன்று விழும், அதனால் யாருக்கும் கொடுக்க மனம் வராத பின்னை லேன்யார்டில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள், இல்லையென்றால் திருகி இறுக்கும் பூட்டு மூடி தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். ஃபிக்மெண்ட்டுக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம்.