அட்ஹாக் நெட்வொர்க் ஃபேர்னஸ்: ஒரே படத்தை வைத்துப் படித்து முடிக்கலாம்

நடுவில் நிலையம் இல்லாமல் கருவிகளே நேரடியாகப் பேசிக்கொள்ளும் அட்ஹாக் நெட்வொர்க்கில், அலைவரிசையை நியாயமாகப் பங்கிடுவது (ஃபேர்னஸ்) என்ற தலைப்பைப் பலர் வரையறைகளாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். 13 மார்க் கேள்வியில் கணக்கு வந்துவிட்டால் கை ஓடாது. எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு படம்தான்.

மூன்று ஜோடி நோடுகளை (ஜோடிக்கு ஓர் அனுப்பும் கருவி, ஒரு பெறும் கருவி) பக்கம் பக்கமாக வரையுங்கள்: ஏ, பி, சி. நடுவில் இருக்கும் பி-க்கு இரண்டு பக்கமும் கேட்கும். ஏ-க்கும் சி-க்கும் ஒன்றையொன்று கேட்காது. வைஃபையின் தரநிலையான 802.11-இல் பி அனுப்ப, மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் ஏ முடிக்கும்போது சி பாதியில் இருக்கும். பி-யின் பேக்ஆஃப் கவுண்டர் (அனுப்பும் முன் காத்திருப்பை எண்ணுவது; அலைவரிசை ஓய்ந்தால்தான் ஓடும்) பெரும்பாலும் நின்றே கிடக்கும்.

காரணம் கேட்டால், "பைனரி எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். இங்கே அது பொருந்தாது. மோதலே இல்லாமல்தான் பி பட்டினி கிடக்கிறது. பேக்ஆஃப் செய்யும் அநியாயம் வேறு. மோதியவரின் விண்டோ (காத்திருப்பின் உச்ச அளவு) இரட்டிப்பாகும், ஜெயித்தவருடையது குறைந்தபட்சத்துக்கு வந்துவிடும், அவரே மறுபடியும் ஜெயிப்பார். 1994-இல் வந்த மக்காவ் நெறிமுறை இதைத்தான் சரிசெய்யப் பார்த்தது: மோதினால் விண்டோவை 1.5 மடங்கு ஏற்று, வெற்றி பெற்றால் 1 மட்டும் இறக்கு.

இனி கணக்கு. ஏ, பி, சி என்பவை இங்கே அந்தந்த ஜோடிக்குக் கிடைக்கும் பங்கு. கொள்ளளவு 1 என்றால் நிபந்தனைகள் இரண்டுதான்: ஏ + பி ≤ 1, பி + சி ≤ 1. மொத்தத்தை மட்டும் முடிந்தவரை அதிகமாக்கினால் ஏ, பி, சி-க்கு முறையே 1, 0, 1; மொத்தம் 2. மேக்ஸ்-மின் (மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கை முடிந்தவரை உயர்த்துவது) என்றால் ஆளுக்கு 0.5, மொத்தம் 1.5. புரொபோர்ஷனல் ஃபேர்னஸுக்கு (பங்குகளின் லாக் கூட்டுத்தொகையை உச்சமாக்குவது) ஏ = சி = 1 − பி என்று போட்டு, 2 லாக்(1 − பி) + லாக் பி-ஐ டிஃபரென்ஷியேட் செய்யுங்கள். 2பி = 1 − பி என்று வரும். பி-க்கு 1/3, மற்றவற்றுக்கு 2/3, மொத்தம் 5/3. நியாயத்துக்கும் மொத்தத்துக்கும் உள்ள இழுபறியை இந்த எண்களே சொல்லிவிடும்.

பங்கீடு எவ்வளவு சமம் என்று அளக்கும் ஜெயின் இண்டெக்ஸும் (1 என்றால் முழுச் சமம்) இதிலேயே போடலாம்: முறையே 0.67, 1, 0.93. அந்த 0.67-ஐப் பாருங்கள். ஒருவருக்கு ஒன்றுமே கிடைக்காதபோதும் பாஸ் மார்க் மாதிரி நிற்கிறது! அதனால் இண்டெக்ஸோடு மிகக் குறைந்த த்ரூபுட்டையும் (ஒரு ஜோடிக்கு உண்மையில் கிடைக்கும் வேகம்) எழுதுங்கள்.

லேபில் என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ஓட்டுவதானால், கேரியர் சென்ஸ் தூரம் (அடுத்தவர் அனுப்புவது கேட்கும் எல்லை) டீஃபால்டாக 550 மீட்டர். ஜோடிக்கு ஜோடி 400 மீட்டர் விட்டால் இதே படம் கிடைக்கும். முதலில், நெரிசலைப் பார்த்து வேகத்தை மாற்றாத யூடிபி-யில் ஓட்டுங்கள். டிசிபி போட்டால், நெரிசலுக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் அதன் கன்ஜெஷன் கன்ட்ரோலும் சேர்ந்து, எது எதனால் என்று பிரிக்க முடியாது.