நண்டுத் தட்டு: ஒரு நாட்குறிப்பு

திருகோணமலை, 2024

யூலை 6, சனி

மீன் பொரியல் பரிமாறத்தக்க நீள்வட்டத் தட்டு ஒன்றைச் சக்கரமின்றிக் கையாலேயே வனைவதற்காக இன்று களி பிசைந்தேன். பிரெட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களில் ஒன்றை விளிம்பில் படுக்கவைக்க வேண்டும் என்பதே முதல் எண்ணம். ஆனால் கொம்புபோல் நீட்டி நிற்கும் எதுவும் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு மாதம் தாங்காது என்பதால், கடைசியில் களப்பு நண்டிடம் வந்து சேர்ந்தேன்.

இரு மரச்சட்டங்களுக்கிடையே களியை வைத்து 9 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டினேன். ஒரே திசையில் இழுபட்ட களி, காயும்போதும் வேகும்போதும் அந்த இழுப்பின் வழியே வளையும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புரட்டித் திருப்பிப் போட்டேன். நீளம் 42 சென்ரிமீற்றர். இந்தக் களி காய்ந்து வெந்து முடியும்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும்; ஆகவே கைக்கு வருவது 37 அளவில்தான் இருக்கும்.

யூலை 7, ஞாயிறு

களி தோல்போல் இறுகிய பதத்துக்கு வந்ததும், சந்தையில் வாங்கிய நண்டொன்றை முன்னே வைத்துக்கொண்டு தொடங்கினேன். இத்தனை காலம் தின்றும் கவனியாத ஒன்று இன்றுதான் கண்ணில் பட்டது: கடைசிச் சோடிக் கால்கள் கூராக முடியாமல் துடுப்புப்போல் தட்டையாக இருக்கின்றன. கால்களை எங்கும் தூக்கி நிறுத்தாமல் விளிம்போடு படியவைத்தேன். ஒட்டும் இரு முகங்களையும் முள்ளுக்கரண்டியால் ஆழக் கீறி, அதே களியைக் கரைத்த குழம்பைப் பூசி அழுத்தினேன்.

நண்டின் ஓட்டை உட்புறம் குடைந்தெடுத்தேன். அடைபட்ட காற்றால் உருவங்கள் சூளையில் வெடிக்கின்றன என்பார்கள். உண்மையில் வெடிக்கச் செய்வது தடித்த களிக்குள் தங்கிய ஈரம் நீராவியாவதுதான். ஆனாலும் ஓட்டின் பின்புறத்தில் ஓர் ஊசித்துளை இட்டேன். மாதிரிக்கு நின்ற நண்டு இரவு கறியாயிற்று.

யூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று வேலையைக் காட்டிவிட்டது. இரவு பொலித்தீன் விரிப்பின் ஓரம் விலகியதை நான் கவனிக்கவில்லை. காலையில் யன்னல் பக்கத்து விளிம்பு வெளிறி மேலெழும்பியிருந்தது. ஒரு கொடுக்கின் அடியில் மயிரிழை வெடிப்பும் ஓடியிருந்தது. மெல்லிய கொடுக்கு முதலில் காய்ந்து சுருங்க, ஈரமாக இருந்த தட்டு அதனோடு சுருங்க மறுத்திருக்கிறது. காய்ந்த வெடிப்பில் உடனே ஈரக் குழம்பைத் திணித்தால் அது தனியே சுருங்கி மறுபடி பிளக்கும். எனவே முழுவதையும் ஈரத்துணியால் மூடி, நடுவில் சிறு மணல்மூட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

யூலை 11, வியாழன்

களி மறுபடி இளகியது. வெடிப்பை அகலக் கீறி, இறுகிய களியை வைத்து அமுக்கினேன். இனிக் கொடுக்கு நுனிகளுக்கும் கால்களுக்கும் ஈரக் காகிதச் சுற்று, வெறும் தட்டுக்குச் செய்தித்தாள் மட்டும். தடித்ததும் மெல்லியதும் ஒரே வேகத்தில் காய வேண்டும்.

யூலை 25, வியாழன்

தட்டின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிரவில்லை, ஈரம் போய்விட்டது. நண்பரின் மின்சூளையில் இரவு முழுவதும் 90 பாகையில் வைத்திருந்து, களியிலுள்ள படிகத்துகள்கள் (குவார்ட்ஸ்) திடீரென விரியும் 573 பாகையை மெல்லக் கடந்து, 1000 வரை ஏற்றினோம். தட்டு சுருங்கும்போது வழுக்கி நகர அடியில் மணல் தூவ வேண்டும். முற்றத்துக்கு எதிரே கடற்கரை இருக்க மணலை விலைகொடுத்து வாங்கினாயா என்று அவர் சிரித்தார். கடல் மணலில் சிப்பித்தூள் உண்டு. அது வெந்து சுண்ணாம்பாகி, பின் ஈரம் பட்டுப் பொங்கும்.

யூலை 31, புதன்

நண்டின் மேல் இரும்பு ஒட்சைட்டைப் பூசித் துடைத்தேன். பள்ளங்களில் மட்டும் கருமை தங்கிற்று. தட்டுக்கு வெள்ளைக் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு. அதை ஒளிபுகாமல் வெளுக்கவைப்பது சேர்கோன்; நமது மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் இல்மனைற்றோடு கிடக்கும் அதே கனிமம். அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு 1220 பாகைக்கு ஏற்றினோம்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

நேற்றுத்தான் சூளையைத் திறந்தோம். எழும்பிய விளிம்பு ஓரளவே தணிந்திருக்கிறது. மேசையில் வைத்து அழுத்தினால் இலேசாக ஆடுகிறது. கொடுக்கு பிடித்துக்கொண்டது. இன்று ஆடி அமாவாசை, அப்பாவுக்கான விரதம். மரக்கறிகளை இந்தத் தட்டில் எடுத்துவைக்கப் போனேன்.

“நண்டுத் தட்டிலயோ விரதச் சாப்பாடு?” என்று கேட்டு, அம்மா அதை வாங்கி அலுமாரி மேல் வைத்துவிட்டார்.