வாடகை வீடு பாழாகும்போது: எங்கள் அனுபவம்

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழ்வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு சின்னப் பையன். வாடகை தேதி தவறாமல் வந்துவிடும், சத்தம் சண்டை கிடையாது. ஆனால் வீடு நாறத் தொடங்கியது. முதலில் மாடிப்படியில் கரப்பான்பூச்சி தெரிந்தது, அப்புறம் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டது.

"மோட்டாரை நிறுத்துங்க, தானா காலி பண்ணுவாங்க" என்றார் என் மச்சினர். நிறையப் பேர் சொல்லும் யோசனைதான். தயவுசெய்து செய்யாதீர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. சட்டம் இருக்கட்டும், குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீரை நிறுத்த எப்படி மனசு வரும்?

நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. எதற்காக வருகிறோம் என்று 24 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள்தான் போகலாம். "ஞாயிறு காலை 10 மணிக்குக் குழாய், சாக்கடை பார்க்க வருகிறோம்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிளம்பரோடு போனோம்.

சிங்க் ஜாலியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். சோற்றுப் பருக்கை, டீத்தூள், எண்ணெய் எல்லாம் நேரே குழாய்க்குள் போயிருக்கிறது. பிளம்பர் அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றியதும் மெழுகு மாதிரி கெட்டியான எண்ணெய்க் கட்டி ஒன்று விழுந்தது. அதில் புளியங்கொட்டையும் ரப்பர் பேண்டும் ஒட்டியிருந்தன. கீழே அலமாரிப் பலகை ஊறி உப்பியிருந்தது. பின்பக்கம் குப்பைப் பைகள் குவிந்து கிடந்தன.

கூடத்தில் இறைந்து கிடந்த துணி, பொம்மை பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது அவர்கள் இருக்கும் விதம். கட்டடம் கெடக் கூடாது, பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் நாம் கேட்கலாம். "வீட்டை அழுக்கா வச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் குறுகிப்போவார், இல்லை சண்டைக்கு வருவார். "இந்தப் பலகை உப்பிப்போச்சு பாரும்மா, தண்ணி எங்கிருந்து ஒழுகுது?" என்றுதான் கேட்டேன். அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "ஆறரைக்குக் கிளம்பறேன் அக்கா, திரும்ப ராத்திரி ஆயிடுது. குப்பை வண்டி வர்றப்ப வீட்ல யாருமே இல்ல."

பகலில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் பிரித்து கேட் அருகே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், வண்டி வந்ததும் நான் கொடுத்துவிடுவேன். பாதி நாற்றம் இதிலேயே போய்விட்டது.

செலவையும் சட்டம் சொல்கிறபடியே பிரித்துக்கொண்டோம். சாக்கடை அடைப்பு, குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிப்பதும் பைப் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. பிளம்பர் கூலியை அவர்கள் கொடுத்தார்கள், பூச்சிமருந்து இரண்டு வீட்டுக்கும் நாங்களே அடித்தோம்.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஜாலி மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டது. வீட்டைச் சேதப்படுத்துகிறார்கள் என்று நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றம் வரை போக வழி உண்டு. ஆனால் வாடகை ஒழுங்காகத் தரும் குடும்பத்தை அங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. அக்ரிமெண்ட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை, அதை முன்கூட்டியே எழுதியும் கொடுத்துவிட்டேன்.

காலி செய்த அன்று, குடிவந்தபோது எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு அறை அறையாக இருவருமாகப் பார்த்தோம். அலமாரிப் பலகைக்கும் உடைந்த வாஷ்பேசினுக்கும் மட்டும் பில்லைக் காட்டி அட்வான்ஸில் பிடித்தேன். மங்கிய சுவருக்குப் பிடிக்கவில்லை, அது நம் செலவு. மீதியைத் தர ஒரு மாதம் வரை அவகாசம் உண்டு, நான் அந்த வாரமே அனுப்பிவிட்டேன்.

புதிதாக வந்தவர்களின் அக்ரிமெண்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து பார்ப்போம் என்ற வரியைச் சேர்த்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்கிறோம்.