எல்ரிக்கும் அந்த வாளும்

மைக்கேல் மூர்காக்கின் 'தி ட்ரீமிங் சிட்டி', 1961இல் வெளியான ஆங்கில மாயாஜாலக் குறுநாவல். நேற்று ராத்திரி ஒரே மூச்சில் முடித்தேன். மனசு இன்னும் ஆறவில்லை.

எல்ரிக் சொந்த நகரத்தின் மீதே கொள்ளைக் கப்பல்களை ஏவிவிடுகிறான். டிராகன்கள் துரத்தும்போது, தன்னோடு வந்தவர்களை அம்போவென விட்டுவிட்டு, மந்திரக் காற்றில் தான் மட்டும் தப்பிக்கிறான். இவன்தான் நாயகன்! கோபம் கோபமாக வந்தது.

ஆனால் கடைசியில், காதலியின் உயிரைக் குடித்த தன் மந்திர வாளைக் கடலில் வீசுகிறான். அது மூழ்காமல், மரத்தில் குத்தியதுபோல் தண்ணீரில் நின்று அதிர்கிறது. அவனே நீந்திப்போய் எடுத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் அவனை வெறுக்க முடியவில்லை.

அந்தக் காதலி சைமோரில் விஷயத்தில்தான் எனக்குச் சமாதானமே ஆகவில்லை. மந்திரத் தூக்கத்தில் கிடந்தவள், கண் விழித்ததும் சாகிறாள். பாவம், அவளுக்கென்று நாலு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.