"ஃபீஸ் இல்லாத காலேஜுக்கு எதுக்கும்மா லோன்?"

ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஏபிஎஸ் (நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று), அட்மிஷன் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. 18,000 ரூபாய் கட்டி ஏபிஎஸ் வாங்கினேன், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு இடமும் கிடைத்தது. என்னைப் படுத்தி எடுத்தது கல்விக் கடன்தான். இன்றும் அந்த வங்கிக் கிளையைத் தாண்டி பஸ் போனால் வயிற்றைப் பிசைகிறது.

முதல் நாள் மேனேஜர் அட்மிஷன் கடிதத்தைப் புரட்டினார். "ஃபீஸ் இல்லன்னு போட்டிருக்கே. ஃபீஸ் இல்லாத காலேஜுக்கு எதுக்கும்மா லோன்?" என்றார். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட்டால்தான் விசா, அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் கையில் தருவார்கள் என்று விளக்கினேன். "அப்ப உன் பேருக்கே பணம் அனுப்பச் சொல்றியா? நாங்க காலேஜுக்குத்தான் அனுப்புவோம்" என்று ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார். அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

வாயால் விளக்காதீர்கள். ஜெர்மன் தூதரக இணையதளத்தில் பிளாக்டு அக்கவுண்ட் பற்றிய பக்கத்தை அச்செடுத்து, தொகை வரும் வரியில் கோடு போட்டுக் கொண்டு போங்கள். கணக்கு திறந்ததும் வரும் பணம் செலுத்தும் கடிதத்தையும் கூடவே வையுங்கள். அடுத்த முறை நான் அப்படித்தான் போனேன், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கேட்ட கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் சொத்து அடமானம் கேட்டார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது வங்கி வக்கீல் சொல்லித்தான் எங்களுக்கே உறைத்தது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், இரண்டு அத்தைகளும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பிறகு பட்டா மாற்றம். ஆறு வாரம் போயிற்று. அட்மிஷன் வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்துப் பெயர், சர்வே எண் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சின்ன அத்தை திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி வெட்டித் தேய்ந்த விரல். துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைத்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அங்கிருந்தவர் சலித்துக்கொண்டு, "இன்னொரு நாள் வாங்கம்மா" என்றார். "பத்து விரல் இருக்கு சார், ஒண்ணொண்ணா வைக்கிறேன்" என்றார் அத்தை. மோதிர விரலில் பச்சை எரிந்தது. அந்த வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு, அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அன்று மதியமே பஸ் ஏறினார். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

கடன் சாங்ஷன் ஆனதும் நிம்மதி என்று நினைத்தேன். "விசா கொண்டு வா, பணத்தை அனுப்புறோம்" என்றார்கள். பணம் போய்ச் சேர்ந்தால்தானே விசா! நேர்காணல் தேதிக்குப் பதினேழு நாள்தான் இருந்தது. நான்கு நாள் அலைந்த பிறகு, விசா மறுக்கப்பட்டால் பிளாக்டு அக்கவுண்ட் பணம் அனுப்பிய கணக்குக்கே திரும்பி வரும் என்ற விதிமுறையை அச்செடுத்தேன். வந்தால் அதைக் கடன் கணக்கிலேயே கட்டிவிடுவோம் என்று நானும் அப்பாவும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தோம். அதை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பித்தான் ஒப்புதல் வாங்கினார்கள். முதல் நாளே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், நீங்களாவது வாங்கிவிடுங்கள்.

பணம் அனுப்பும் அன்று டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் வரி, பிடிக்கப் பார்த்தார்கள். கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் டிசிஎஸ் கிடையாது. கவுண்டரில் இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை, மேனேஜர் சுற்றறிக்கையைத் தேடிப் படித்த பிறகு பிடிக்காமல் விட்டார். இன்னொன்று, வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். பணம் போகிற அன்றே அது கணக்கில் இருக்க வேண்டும். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்ததில் அது முடிந்தது.

மூன்றாம் நாள், பிளாக்டு அக்கவுண்டில் பணம் சேர்ந்துவிட்டது என்ற உறுதிக் கடிதம் மெயிலில் வந்தது. விசாவில் சிக்கல் எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முன் அப்பாவும் நானும் வங்கிக்கு இன்னொரு முறை போனோம். ஒப்படைத்த மூலப்பத்திரங்களின் பட்டியலை முத்திரை போட்டுக் கேட்டோம். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாலை நான்கரை மணிக்கு, பத்திர எண்ணும் வருடமும் போட்ட அந்த ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.