கங்காணிக் கொக்கு: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

அப்பாவை டயாலிசிஸுக்கு உள்ளே அனுப்பிவிட்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம். பால் நாரையா, சங்குவளை நாரையோடு கலந்ததா என்று டிஎன்ஏவில் பார்க்கச் சொல்லி அனுப்பிய 34 இறகுகள் லேப்புக்குப் போய் இன்றோடு 19 நாள் ஆகிறது.

மார்ச் 4

மழை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

17-ஆம் நம்பர் இறகின் உறையை மறுபடி பிரித்தேன். பிரிக்கக் கூடாது என்று நானே எழுதி ஒட்டி வைத்த உறை. காகித உறைதான், பிளாஸ்டிக்கில் போட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு ரெண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். லேப்புக்காக அடித்தண்டை நறுக்கி அனுப்பியாகிவிட்டது, மிச்சம்தான் என்னிடம் இருக்கிறது. நறுக்கும்போது பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது: நகம் மாதிரி வெளுத்த குழல், அது முடிந்து இறகு தொடங்குகிற இடத்தில் ஒரு பொடித்துளை, அதற்குள்ளே துரு நிறத்தில் கடுகில் பாதி அளவு உறைந்த ரத்தம். பறவை உதிர்த்துப் போட்ட இறகில் டிஎன்ஏ நன்றாகக் கிடைப்பது அந்தப் புள்ளியில்தான்.

இறகின் ஓரத்தில் இருப்பது சேற்றுக் கறையா, ரோஜா நிறமா என்று இன்றும் முடிவு செய்ய முடியவில்லை. பால் நாரைக்கு அந்த நிறம் கிடையாது. சங்குவளை நாரைக்கு உண்டு.

அப்பா ராத்திரி ரெண்டு தடவை தே ஓ, பால் இல்லாத தேநீர், கேட்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், இன்றைய அளவு முடிந்துவிட்டது. அரை மூடி கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. ஆரஞ்சு பேண்ட் என்று பேர் வைத்த அந்தச் சிட்டு ஞாபகம் வந்துவிட்டால் அப்படித்தான்.

புளோரிடாவில் உப்புச் சதுப்பில் வாழ்ந்த டஸ்கி என்ற கடலோரச் சிட்டு. கொசுவை ஒழிக்க மெரிட் தீவுச் சதுப்பில் நீரைத் தேக்கினார்கள், டிடிடி அடித்தார்கள், செயின்ட் ஜான்ஸ் ஆற்றுப் பக்கம் ரோடு போட்டார்கள். 1980 வாக்கில் மிஞ்சியதைப் பிடித்தபோது ஐந்து, ஐந்தும் ஆண். பெண் ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஸ்காட் வகைப் பெண்களோடு சேர்த்து, பிறந்த குஞ்சுகளை மறுபடி டஸ்கி ஆண்களோடு சேர்த்து, முக்கால் டஸ்கி, அதற்கும் மேல் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசி ஆண், காலில் ஆரஞ்சு வளையம் போட்டது, ஒரு கண் தெரியாமல் கிழடாகி 1987 ஜூன் மாதம் டிஸ்னி வேர்ல்டுத் தீவு ஒன்றில் இறந்தது. கலப்புக் குஞ்சுகளும் தங்கவில்லை.

1989-ல் அவிஸ், நெல்சன் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். டஸ்கியின் சொந்தம் அட்லாண்டிக் கரைச் சிட்டுகள், வளைகுடாச் சிட்டுகள் தூரத்து உறவு. சொந்தக்காரியை விட்டுவிட்டு அசலாரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பறவை செத்து ரெண்டு வருஷம் கழித்து வந்த பதில்.

19 நாள் ஆச்சு, 25 நாள் ஆச்சு என்று நான் எண்ணிக்கொண்டிருப்பது இதனால்தான்.

மார்ச் 10, திங்கள்

ஊசி ஏற்றும் முன், டயாலிசிஸுக்காக அப்பா கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த அந்த முடிச்சில் விரல் வைத்துப் பார்த்தேன். தேனீ அடைத்த தீப்பெட்டி மாதிரி அதிர்கிறது. அந்த அதிர்வு இருக்கிறவரை பயமில்லை என்று மிஸ்ஸி, அங்கே நர்ஸ், சொன்னார்.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார், "கலந்தா என்னம்மா தப்பு?"

பறவையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே வந்தேன். கலப்பதில் தப்பில்லைப்பா, ரெண்டு பக்கமும் நிறைய இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் கலந்துகொண்டே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே பேராக் மாநில மாத்தாங் அலையாத்திக் காட்டுக் கரையில் 1984-ல் நூறுக்கு மேல் இருந்த பால் நாரை 2005-க்குள் பத்துக்கும் கீழே போய்விட்டது. 2007-ல் வளர்த்து விட ஆரம்பித்தார்கள், சரி. ஆனால் அதோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கிற சங்குவளை நாரை எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டால், பால் நாரை அடித்துக் கொல்லாமலேயே கரைந்து போகும். சிங்கப்பூரில் இது கண்முன்னே நடந்தது. கலப்புக் குஞ்சில் சங்குவளையின் பங்கு அரை, அது பால் நாரையோடு சேர்ந்துகொண்டே போனால் அப்புறம் கால், அரைக்கால், வீசம், அதாவது பதினாறில் ஒன்று. வீசத்துக்கு வந்தபின் கண்ணால் பிடிக்க முடியாது. ரத்தத்தில் இருக்கும்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். செலின்சிங் தாண்டியதும், "தம்பி நோன்புப் பெருநாள் லீவுக்கு வர்றானா?" என்றார்.

நாலு வருஷமாகக் கேட்காத கேள்வி.

மார்ச் 14, வெள்ளி

பௌர்ணமி, கடல் நல்ல வத்தம். அம்மாவை அப்பாவோடு அனுப்பிவிட்டு கோலா கூலா போனேன். சேறு ஒரு கிலோமீட்டருக்கு மினுங்குகிறது. மூன்று பால் நாரைகள் நின்றன. அலகைக் கொஞ்சம் திறந்து சேற்றுத் தண்ணீரில் விட்டபடியே மெதுவாக நடக்கிறது. கண்ணால் தேடுவதில்லை, அலகில் மீன் பட்டதும் டக்கென்று மூடுகிறது. முதுகு வளைத்து, ஓர் அடி வைத்து நின்று, இன்னோர் அடி வைத்து. அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் இதற்குக் கங்காணிக் கொக்கு என்றுதான் பேராம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிரை பார்க்கிறவர் மாதிரி இருப்பதால். லயத்துக்குப் பின்னால் பாரிட், அந்த வாய்க்கால், வரைக்கும் வரும் என்பார்.

நான் பார்த்தது மூன்றுதான். ஒன்றின் இறக்கையில் ரோஜா இருந்ததா என்று பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. வெயிலா, நிறமா.

மார்ச் 18, செவ்வாய்

பாதி பதில் வந்தது. 34-ல் 27-க்கு டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா மட்டும் பார்த்திருக்கிறார்கள், 27-உம் பால் நாரை. 17-உம்.

லேப்பில் இருந்து "வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது தாய்வழி மட்டும் வருகிற டிஎன்ஏ. தாய் பால் நாரையாக இருந்து தகப்பன் யாராக இருந்தாலும் இதே பதில்தான் வரும். தகப்பன் யாரென்று தெரிய மற்ற டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். அதைத்தான் முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தேன். இன்னும் மூன்று வாரமாம்.

மார்ச் 19

அப்பா எடை 2.8 கிலோ கூடிவிட்டது. மிஸ்ஸி என்னைத்தான் பார்த்தார். தே ஓ கொடுத்தது நான்தான்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி பெருநாள் வரை காத்திருக்கவில்லை. மூன்று பேரும் வந்தார்கள். மெய் லிங் ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தாள், அப்பாவுக்கு ஆகாது, பொட்டாசியம். அம்மா வாங்கிச் சாமி மேடையில் வைத்துவிட்டார். பிள்ளை நேராக அப்பாவிடம் போய் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, "தாத்தா, உள்ள என்ன கத்துது?" என்று தமிழில் கேட்டது. தமிழில்! அப்பா, "வண்டும்மா, தாத்தா பிடிச்சு வச்சிருக்கேன்" என்றார். சாப்பிடும் வரை அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை, அவளும் விடவில்லை.

அவள் முடி அப்பாவுக்கு இருந்த அதே சுருட்டை.

17-ஐ இன்று பிரிக்கவில்லை.

மார்ச் 26

இன்னும் இல்லை.

மார்ச் 29, சனி

அமாவாசை. இந்த மாதத் தண்ணீர் எப்போதும் பெரிசு. கோலா குராவ் பக்கம் பலகைப் பாதை வரைக்கும் ஏறிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். பால் நாரை உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது, தண்ணீர் எட்டாது. கரி மூட்டம் போட 30 வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டுகிற காட்டில் அந்த மாதிரி மரம் எத்தனை மிஞ்சும் என்பதுதான் கவலை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

விடியற்காலை அப்பா கையைத் தொட்டேன். தேனீ இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், அம்மாவையும் எழுப்பித் தொடச் சொன்னேன். தம்பி கார் எடுத்துக்கொண்டு வருகிறான், தைப்பிங் போகிறோம்.