கழுவும் நேரத்துக்காக ஒரு மெஷின்

மலேசியாவின் பிறை நகரில் ஒரு மீன் பதனிடும் ஆலை. தட்டுகளை எடுத்து அடுக்கும் மெஷினின் நகரும் பகுதியை மாற்றியமைக்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. லீனியர் கைடும் (நேர்கோட்டில் நகரவைக்கும் தண்டவாளம்) பேரிங்கும் துருப்பிடித்து இறுகுவதும், புதிதாக மாற்றுவதும், மறுபடி இறுகுவதுமாகவே இருந்தது.

பகலில் போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. பராமரிப்புப் பிரிவு அண்ணன்தான், "தம்பி, ராத்திரி கழுவுறப்ப வந்து பாருங்க" என்றார். போனேன். மெஷினை நிறுத்திய கையோடு காரக் கரைசல் நுரையை அடித்தார்கள். அப்புறம் உயர் அழுத்த வெந்நீர், கடைசியில் குளோரின் கலந்த பச்சைத் தண்ணீர். கியர்பாக்ஸைத் திறந்தால் எண்ணெய் தண்ணீர் கலந்து தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வழிந்தது.

சூடாக இருக்கும் பெட்டியில் குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இழுப்பில், தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையமான சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. சீலை இன்னும் இறுக்கினால் உராய்வும் சூடும்தான் கூடும். காற்றை மட்டும் போகவிட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த வெண்ட் (காற்றுத் துளை) ஒன்றைப் பொருத்தினோம். சின்னச் சாமான்தான், ஆனால் இந்த வேலையிலேயே முக்கியமானது அதுதான் என்பேன்.

"எல்லாத்தையும் 316 எஃகுல போட்டுடலாமே?" என்று ஆலையில் கேட்டார்கள். 316 என்பது துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை. குளோரினை அது ஓரளவு தாங்கும், உண்மை. ஆனால் வெப்பப் பதம் வைத்து அதைக் கடினமாக்க முடியாது. பேரிங்குக்குள் குண்டு உருளும் பாதைக்கோ கடினம் வேண்டும். அதனால் துருப்பிடிக்காத பேரிங் என்று விற்பவை பெரும்பாலும் 440சி போன்ற, கடினமாக்கக்கூடிய எஃகு. குளோரின் பட்டால் அதுவும் துருப்பிடிக்கும். ஆகவே குண்டே வேண்டாம் என்று முடிவு செய்து, 316 தண்டின்மேல் வழுக்கி நகரும் பிளாஸ்டிக் புஷ் (உறை) போட்டோம். நைலான் தண்ணீர் குடித்து உப்பும், அசெட்டாலுக்குக் குளோரின் ஆகாது. அதனால் மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனை எடுத்தோம். சூட்டில் அது நிறைய விரியும் என்பதால் இடைவெளியைத் தாராளமாகவே விட்டோம். துல்லியம் கொஞ்சம் குறையும்தான்; தட்டு அடுக்க அது போதும்.

மோட்டார் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐபி என்பது தூசியும் நீரும் புகாமல் காக்கும் தரத்தின் குறியீடு. ஐபி 67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதற்கான சோதனை. பீய்ச்சும் வெந்நீருக்கு ஐபி 69கே வேண்டும்: 80 டிகிரி நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் பக்கத்திலிருந்தே அடித்துப் பார்ப்பார்கள்.

தண்ணீர் தேங்கும் தட்டையான இடங்களையெல்லாம் சரிவாக்கினோம்.

புஷ் தேயத்தான் செய்யும். அண்ணன் இப்போது ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளியைப் பார்க்கிறார். கூடிவிட்டால், ஓய்வு நேரத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டுவிடுகிறார்.